சுவரில் ஒரு காக்காய்க்கால்: பிரிட்டனில் பழைய பெஞ்ச்மார்க் தேடிக் கிளம்புபவர்களுக்கு

நான் வேலைக்குப் பஸ் ஏறும் நிறுத்தம் ஒரு கல் பாலத்தை ஒட்டி இருக்கிறது. நான்கு வருடம் அந்தப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துதான் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். ஐந்தாம் வருடம் ஒருநாள் மகளைக் கூட்டிக்கொண்டு போனபோது அவள் கேட்டாள்: "அப்பா, இங்க யாரோ காக்கா கால் செதுக்கியிருக்காங்க, பாருங்க." அவளுக்கு அது நேர் கண்ணெதிரே இருந்தது. எனக்கு இடுப்புப் பக்கத்தில்.

மேல்நோக்கி ஒரே புள்ளியில் கூடும் மூன்று கோடுகள். அவற்றின் தலைக்கு மேல் படுக்கையாக இன்னொரு கோடு. மொத்தமும் உள்ளங்கை அகலம்தான். அதுதான் பெஞ்ச்மார்க், கடல் மட்டத்திலிருந்து அந்த இடத்தின் உயரத்தைக் குறிக்கும் அடையாளம். பிரிட்டனின் வரைபடத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஆட்கள் உளியால் வெட்டிவைத்தது. ஒரு காலத்தில் நாடு முழுக்க இப்படி ஏறக்குறைய 5 லட்சம் குறிகள் இருந்தன. சாட்டிலைட் வந்த பிறகு இவற்றின் தேவை போய்விட்டது, யாரும் பராமரிப்பதில்லை. சுவர் இடிந்தால் குறியும் போகும். அதனால் இருக்கிறவற்றைத் தேடிப் படம் எடுப்பது இங்கே பலருக்கு ஒரு பொழுதுபோக்கு. செலவு என்று பார்த்தால் பஸ் டிக்கெட் மட்டும்தான்.

இங்கே புதிதாகக் குடியேறியவர்களுக்கு இதைக் கட்டாயம் சிபாரிசு செய்வேன். ஒரு ஊரின் சந்துபொந்தெல்லாம் இதைவிட வேகமாகப் பழக வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இது எதற்கு வெட்டினார்கள்

நம் ஊர் ரயில் நிலைய மஞ்சள் பலகையில், ஊர்ப் பெயருக்குக் கீழே கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடலே கண்ணில் படாத ஊரில் அந்த எண் எப்படி வந்தது? யாரோ ஒருவர் கடலோரத்திலிருந்து படிப்படியாக மட்டம் பார்த்துக்கொண்டே வந்து சேர்ந்ததால் வந்தது.

வேலை இப்படி நடக்கும். நடுவில் முக்காலி மேல் லெவல் கருவி. பின்னால் ஒருவர், முன்னால் ஒருவர், இருவர் கையிலும் அளவு போட்ட நெட்டைக் கோல். கருவியின் குழாய் வழியே பின்கோலைப் பார்த்தால் 1.82 மீட்டர், முன்கோலைப் பார்த்தால் 0.65 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 1.17, அவ்வளவு தூரம் மேடு ஏறியிருக்கிறோம். முன்கோல் அங்கேயே நிற்க, கருவியைத் தூக்கி அதற்கும் முன்னால் வைத்து மறுபடி அதே கணக்கு. வீட்டு வேலையில் டம்பி லெவல் வைத்து அளப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கொத்தனார் ஒரு மனைக்குள் செய்வதை இவர்கள் தேசம் முழுக்கச் செய்தார்கள்.

இடையிடையே, இந்த இடத்தின் உயரம் இவ்வளவு என்று நிலையாக எங்காவது குறித்து வைத்தால்தான் அடுத்தவர் கடலிலிருந்து திரும்ப ஆரம்பிக்காமல் அங்கிருந்து தொடரலாம். எளிதில் அசையாதது எதுவோ அதில் வெட்டினார்கள்: சர்ச் கோபுரம், பாலம், மைல்கல், பப், பழைய வீட்டின் மூலைக்கல். படுக்கைக் கோட்டுப் பள்ளத்தில் ஒரு இரும்பு ஆங்கிளைச் செருகினால் அது சின்னப் பெஞ்சு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். அதன்மேல் கோலை நிறுத்துவார்கள். பெயர் வந்த கதை இதுதான். ஆகவே உயரம் என்பது படுக்கைக் கோட்டின் உயரம். அம்பு அதைச் சுட்டிக்காட்ட மட்டுமே.

அந்தக் கடல் எந்தக் கடல் என்று கேட்டால், இங்கிலாந்தின் தென்மேற்கு நுனியில், கார்ன்வாலில் உள்ள நியூலின் துறைமுகம். 1915 மே முதல் 1921 ஏப்ரல் வரை அங்கே அலையேற்ற இறக்கத்தை அளந்து எடுத்த சராசரிதான் பிரிட்டனின் பூஜ்யம். துறைமுகச் சுவரின் கோடியில் உள்ள சிறு கட்டடத்துக்குள் ஒரு பித்தளை போல்ட் பதித்திருக்கிறது. அது பூஜ்யத்துக்கு 4.751 மீட்டர் மேலே. என் பஸ் ஸ்டாப் காக்காய்க்காலின் உயரமும் அந்த போல்டிலிருந்து கோல் மாற்றிக் கோல் மாற்றி வந்ததுதான்.

அதற்கு முன் லிவர்பூல் கடல் மட்டத்தைப் பூஜ்யமாக வைத்திருந்தார்கள். பழைய வரைபடத்தில் பார்க்கும் உயரமும் பின்னாளைய பட்டியலில் உள்ள உயரமும் சற்று ஒத்துவராமல் போனால் குழம்ப வேண்டாம், காரணம் பெரும்பாலும் இதுதான்.

முதலில் வீட்டில் உட்கார்ந்து வரைபடம்

கண்ணில் படும் சுவரையெல்லாம் குனிந்து பார்த்துக்கொண்டே நடப்பது ஒரு முறை. முதுகு வலிக்கும், போலீஸ் ஏதாவது கேட்டாலும் கேட்கும். வரைபடத்தில் தொடங்குவதுதான் உத்தமம்.

ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் வரைபடத் தளத்துக்குப் போங்கள். பெயரில்தான் ஸ்காட்லாந்து, இங்கிலாந்தும் வேல்ஸும் சேர்ந்தே இருக்கின்றன. இலவசம். அதில் மைலுக்கு 25 அங்குலம் என்ற அளவில் வரைந்த பழைய தாள்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு வீடும், சில இடங்களில் ஒவ்வொரு மரமும் தெரியும் அளவுக்கு விரிவானவை. இரண்டு வரைபடங்களை அக்கம்பக்கமாகத் திறக்கும் வசதியும் உண்டு: இடப்பக்கம் நூறு வருடத்துக்கு முந்தைய தாள், வலப்பக்கம் இன்றைய சாட்டிலைட் படம். ஒன்றில் சுட்டியை நகர்த்தினால் மற்றதில் அதே இடம் காட்டும்.

உங்கள் தெருவைக் கண்டுபிடித்து, பெஞ்ச்மார்க்கின் சுருக்கமான 'பி.எம்.' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைத் தேடுங்கள். பக்கத்தில் 214.7 என்பது போல ஒரு எண் இருக்கும். அடிக் கணக்கு அது; 0.3048 ஆல் பெருக்கினால் 65.44 மீட்டர். எண்ணுக்கு அருகே பொடியாக ஒரு அம்பு இருக்கும். அம்பின் முனை எந்தச் சுவரைத் தொடுகிறது என்பதுதான் நமக்கு வேண்டியது. கட்டடத்தின் எந்த மூலை, பாலத்தின் எந்தப் பக்கம் என்பதுவரை அது சொல்லிவிடும்.

இங்கே புதியவர்கள் எல்லோரும் ஒருமுறை ஏமாறுவார்கள், நானும் ஏமாந்தேன். எழுத்து இல்லாமல் வெறும் எண் மட்டும் நடுச்சாலையில் போட்டிருந்தால் அது அந்த இடத்தின் தரை உயரம். அங்கே எந்தக் குறியும் வெட்டப்படவில்லை. அப்படி ஒரு வெறும் எண்ணுக்காக ஒரு பண்ணை வீட்டுச் சுவரை முக்கால் மணி நேரம் தடவிப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரம்மா டீ கொடுத்தார், அதுதான் லாபம்.

அடுத்து, அந்த வீடோ பாலமோ இன்னும் இருக்கிறதா என்று சாட்டிலைட் படத்தில் பாருங்கள். பாதிக்கு மேல் இங்கேயே கழிந்துவிடும். கார் பார்க், சூப்பர் மார்க்கெட், அகலப்படுத்திய சாலை. மிஞ்சுபவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆர்ட்னன்ஸ் சர்வேயும் தன் கடைசிக் காலப் பட்டியலைப் பொதுமக்களுக்குக் கொடுத்திருக்கிறது. அதில் ஒவ்வொரு குறிக்கும் கட்டம் எண் (வரைபடக் கட்டங்களை வைத்து இடத்தைச் சொல்லும் எண்), எந்த வகை, மீட்டரில் உயரம், எந்த வருடம் மட்டம் பார்த்தது, தரையிலிருந்து எவ்வளவு மேலே என்றெல்லாம் இருக்கும். கடைசி விவரம் தங்கம். 0.3 என்றிருந்தால் கணுக்காலுக்குச் சற்று மேலே பாருங்கள், 1.1 என்றிருந்தால் இடுப்பைப் பாருங்கள். இட விவரம் தந்தி பாஷையில் இருக்கும்: 'ஆங்' என்று தொடங்கும் சுருக்கம் கட்டடத்தின் மூலை, 'ஜங்க்' இரண்டு சுவர் கூடும் இடம், 'பார்' பாலத்தின் கைப்பிடிச் சுவர், 'ஃபேஸ்' என்றால் சுவரின் அந்தத் திசைப் பக்கம். வடமேற்கு ஃபேஸ் என்றால் வடமேற்கைப் பார்த்து நிற்கும் பக்கம், நீங்கள் வடமேற்கே பார்த்து நிற்கும் பக்கம் அல்ல. இதிலும் ஒருமுறை தவறுவீர்கள், பரவாயில்லை.

கட்டம் எண்ணைப் படிக்கத் தெரியாதவர்கள் போனில் ஓஎஸ் லொகேட் என்ற இலவச ஆப்பை இறக்கிக்கொள்ளுங்கள். நிற்கும் இடத்தின் எண்ணைக் காட்டும். இரண்டு எழுத்தும் எட்டு இலக்கமும் இருந்தால் 10 மீட்டர் சதுரத்துக்குள் வந்துவிட்டீர்கள் என்று பொருள். அதற்குமேல் கண்தான்.

எதில் தொடங்கலாம்

ஊர் சர்ச்சில். பழைய சர்ச் என்றால் கோபுரத்தின் அடியிலோ, சுவரைத் தாங்கும் முட்டுச்சுவரிலோ ஒன்று இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கல் நல்ல கல், யாரும் இடிப்பதில்லை, உள்ளே போய் நடக்க யாரும் தடுப்பதில்லை. ஞாயிறு காலை ஆராதனை நேரத்தை மட்டும் தவிருங்கள்.

இரண்டாவது, பாலங்கள். கால்வாய்ப் பாலம் என்றால் பக்கத்திலேயே நடைபாதை இருக்கும், நிம்மதி. ரயில்பாதையைத் தாண்டும் சாலைப் பாலங்களில் குறிகள் அதிகம், ஆனால் பலவற்றில் நடைபாதை கிடையாது. சுவரைப் பார்த்துக் குனிந்தவனை வளைவில் வரும் காருக்குத் தெரியாது. அப்படிப்பட்ட பாலத்தை விட்டுவிடுங்கள்.

மலையேறப் பிடிக்குமென்றால் உச்சியில் நிற்கும் வெள்ளை கான்கிரீட் தூண்களைப் பாருங்கள். ட்ரிக் பில்லர் என்பார்கள். 1936-ல் தொடங்கி நாடு முழுக்க 6,500 அளவில் கட்டினார்கள். வேறு வேலைக்காகக் கட்டியவை, மேலே தியோடலைட்டை வைத்துக் கோணம் அளப்பதற்கு. ஆனால் பெரும்பாலான தூண்களின் பக்கவாட்டில் எண் பொறித்த ஓர் உலோகத் தகடு உண்டு. அது பெஞ்ச்மார்க் வகைகளில் ஒன்றுதான். தேடவே வேண்டாம், தூண் தூரத்திலிருந்தே தெரியும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு முதல் வெற்றி நிச்சயம்.

வகைகள், சுருக்கமாக

நீங்கள் காணப்போவதில் பத்தில் ஒன்பது, காக்காய்க்கால் வெட்டுக்குறி.

அடுத்தது ஃப்ளஷ் பிராக்கெட் என்ற தகடு. 175 மில்லிமீட்டர் உயரம், 90 அகலம், சுவரோடு சுவராகப் பதித்திருக்கும். அதில் அம்பும் ஒரு தனி எண்ணும் உண்டு. மட்டம் பார்த்த முக்கியத் தடங்களில் மைலுக்கு ஒன்று என்ற கணக்கில் 1912-க்குப் பிறகு பதித்தவை. எண் இருப்பதால் சேகரிப்பவர்களுக்கு இதன்மேல் தனி ஆசை. பஸ் நம்பர் எழுதிக்கொள்ளும் பையன்களுக்கு இருப்பது போல.

படிக்கட்டு, பாலத்தின் மேல்தளம் போன்ற படுக்கையான இடங்களில் ஆணித்தலை போல ஒரு ரிவெட்டும் பக்கத்தில் அம்பும் இருக்கலாம். சில இடங்களில் ரிவெட்டுக்குப் பதில் சிறு குழி மட்டும். மட்டம் பார்க்க வருபவர் பையிலிருந்து ஓர் இரும்புக் குண்டை எடுத்து அந்தக் குழியில் வைத்து, அதன் தலையில் கோலை நிறுத்துவார். முடிந்ததும் குண்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். இந்தக் குழியைக் கண்டுபிடிப்பது கஷ்டம். கண்டுபிடித்தால் பெருமைப்படலாம்.

எல்லாவற்றுக்கும் தாய்க்குறிகள் ஏறக்குறைய 40 கிலோமீட்டருக்கு ஒன்று என்று உண்டு. உண்மையான குறி பூமிக்கு அடியில் பாறையில் இருக்கும். வெளியே தெரிவது ஒரு குட்டைத் தூணும் அதன் தலையில் ஓர் உலோகக் குமிழும் மட்டுமே. கம்பி வேலிக்குள் இருந்தால் வெளியே நின்றே பாருங்கள்.

சுவருக்கு முன்னால் நின்ற பிறகு

வந்தாயிற்று, வரைபடம் இந்த மூலைதான் என்கிறது, ஒன்றும் தெரியவில்லை. இது வழக்கமான நிலைமை. உடனே கிளம்பிவிடாதீர்கள்.

நேரே நின்று பார்த்தால் தெரியாது. நூறு வருட மழையில் வெட்டின் ஓரங்கள் மழுங்கியிருக்கும், மேலே பாசி வேறு. சுவரை ஒட்டி நின்று பக்கவாட்டிலிருந்து பாருங்கள். பட்டப்பகலாக இருந்தாலும் ஒரு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, ஒளி கல்லின் மேல் சாய்வாக வழுகிப் போகும்படி அடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழும், கோடு எழுந்து வரும். எங்கள் ஊர் சர்ச்சில் மூன்று முறை போய் இல்லை என்று எழுதிவிட்டுத் திரும்பினேன். நான்காம் முறை ஜனவரி மாதம் மாலை மூன்றரை மணி, சூரியன் வயலுக்குச் சற்று மேலே தொங்கிக்கொண்டிருந்தது. தூரத்திலிருந்தே படுக்கைக் கோடு தெரிந்தது. முதலில் கோடு, அதன்கீழ் நடுக்கால், அப்புறம் வலக்கால். இடக்கால் கல்லோடு உதிர்ந்து போயிருந்தது.

அதனால் இந்த வேலைக்குக் குளிர்காலம்தான் காலம். வெயில் தாழ்வாக விழும், புதர் இலையுதிர்ந்து நிற்கும். கோடையில் போனால் சுவரடியில் நெட்டில் செடி இடுப்பளவு வளர்ந்திருக்கும். நம் காஞ்சொறியைப் போலத்தான், பட்டால் இரவுவரை எரியும். முழுக்கால் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

தரை உயர்ந்திருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். தார் மேல் தார் போட்டுப் போட்டு நடைபாதை ஏறிவிடும். அரை மீட்டர் உயரத்தில் வெட்டியது இப்போது பாதத்துக்குப் பக்கத்தில் இருக்கும், சிலசமயம் அம்பின் வால் புதைந்தே போயிருக்கும்.

கம்பி பிரஷ் கொண்டுபோகாதீர்கள். பாசியைச் சுரண்டாதீர்கள், ஐவிக் கொடியைப் பிய்த்து இழுக்காதீர்கள். இந்தச் சுவர்களில் பல சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. கொடியோடு சேர்ந்து சுண்ணாம்புக் காரையும் பெயர்ந்து வரும். கொடியை விரலால் விலக்கிப் பார்க்கலாம், அவ்வளவுதான். சாக்பீஸ் தடவிப் படம் எடுப்பவர்களும் உண்டு. எனக்கு அதுவும் பிடிக்காது, டார்ச்சே போதும்.

ஏமாற்றும் குறிகள்

மேலே படுக்கைக் கோடு இல்லாத அம்பு என்றால் சந்தேகப்படுங்கள். இந்த மூன்றுகால் அம்பு சர்வேக்கு மட்டும் சொந்தமானதல்ல, அரசுச் சொத்து என்று காட்டுகிற பொது முத்திரை. கைதிகளின் உடையில்கூட இதை அச்சடித்திருந்தார்கள். ராணுவ நிலத்தின் எல்லைக்கற்களில், இரண்டு எழுத்துக்கு நடுவே அம்பு என்ற தோரணையில் இது வரும். அழகானதுதான், ஆனால் பெஞ்ச்மார்க் அல்ல.

தலைகீழ் அம்பைப் பார்த்தால் குதூகலியுங்கள். பழைய சுவரை இடித்து, அதே கல்லை வேறு எங்கோ வைத்துக் கட்டியிருக்கிறார்கள். கொத்தனாருக்கு அது வெறும் கல். அதன் உயரக் கணக்கு செல்லாது, படம் செல்லும்.

பதிவு

இரண்டு படம் எடுங்கள். ஒன்று கிட்டத்தில், கோடுகள் தெளிவாக. இன்னொன்று பத்தடி தள்ளி, குறி எந்தச் சுவரில் எங்கே இருக்கிறது என்று தெரியும்படி. இரண்டாவது இல்லாத முதல் படத்தால் யாருக்கும் பிரயோஜனமில்லை. மூன்று மாதம் கழித்து உங்களுக்கே அது எந்த ஊர் என்று தெரியாது. அளவுக்காகக் குறியின் பக்கத்தில் ஒரு நாணயத்தைப் பிடித்துக்கொள்ளலாம்.

நோட்டில் தேதி, கட்டம் எண், வகை, வரைபடத்து உயரம், நிலைமை. கிடைக்காவிட்டாலும் எழுதுங்கள், ஆனால் 'இல்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். சுவர் புதிதாகக் கட்டியதா, சிமென்ட் பூசியதா, கொடி மூடியதா என்று சேர்த்து எழுதுங்கள். கொடி மூடியது என்றால் மறுபடி போகலாம், இடித்துக் கட்டியது என்றால் இனி போக வேண்டாம்.

உயரத்தைப் போனில் சரிபார்க்க ஆசை வரும். போன் 50 மீட்டர் கூடுதலாகக் காட்டினால் குறியைத் திட்டாதீர்கள். சாட்டிலைட் அளப்பது பூமிக்குப் பொதுவாகப் போட்ட ஒரு கணித உருண்டையிலிருந்து, கடல் மட்டத்திலிருந்து அல்ல. பிரிட்டனில் இரண்டுக்கும் ஏறக்குறைய 50 மீட்டர் வித்தியாசம். சில போன்கள் தாமே திருத்திக் காட்டும், சில காட்டாது. இன்னொன்று, வீடு கட்டவோ வெள்ள மட்டம் கணக்கிடவோ இந்தக் குறிகளின் எண்ணை நம்பக் கூடாது. பல பத்தாண்டுகளாக யாரும் சரிபார்க்கவில்லை, சுரங்கம் தோண்டிய பகுதிகளில் நிலமே இறங்கியிருக்கும்.

ஊருக்குப் போகும்போது

லீவில் இந்தியா போனால் அங்கேயும் கண்ணைத் திறந்து வையுங்கள். 1802-ல் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலையடியில் அடிக்கோடு (முக்கோணக் கணக்குக்கு அடிப்படையான நேர்க்கோடு) அளந்து தொடங்கிய வேலைதான் பின்னால் மகா முக்கோண அளவையாக வளர்ந்தது. அது இடத்தை நிர்ணயிக்கும் அளவை. உயரத்துக்கான மட்டம் பார்க்கும் வேலை 1858-ல் தொடங்கியது. 1909-ல் கணக்கை முடித்தபோது கடல் மட்டத்துக்கு ஒன்பது துறைமுகங்களை ஆதாரமாக வைத்துக்கொண்டார்கள். சென்னையும் நாகப்பட்டினமும் அவற்றில் உண்டு. அவர்களுக்கு நியூலின் என்றால் நமக்கு நாகப்பட்டினம் என்று நான் இங்கே நண்பர்களிடம் கொஞ்சம் ஜம்பமாகச் சொல்வதுண்டு.

அங்கே காக்காய்க்காலைத் தேடாதீர்கள். ஜி.டி.எஸ். (மகா முக்கோண அளவையின் ஆங்கிலச் சுருக்கம்) என்றும் பி.எம். என்றும் எழுத்து வெட்டிய கல்லைத் தேடுங்கள். நாக்பூர் ஜீரோ மைல் தூணுக்குப் பக்கத்தில் நிற்கும் கல் 1907-ல் நட்ட இப்படிப்பட்ட பெஞ்ச்மார்க்தான். சர்வே ஆஃப் இந்தியாவின் வரைபடத் தாள்களிலும் பி.எம். என்று உயரம் போட்டிருக்கும், தேடும் முறை அதேதான். ரயில் நிலையம், பாலம், அரசு அலுவலகம் பக்கம் கேமராவோடு குனிவதற்கு முன் அங்கே இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

பிரிட்டனிலும் கேட்பது நல்லதுதான். பொதுச் சாலையிலிருந்து தெரியும் சுவரைப் படம் எடுக்க அனுமதி தேவையில்லை, ஆனாலும் ஒருவர் வீட்டுச் சுவரடியில் டார்ச்சோடு குந்தியிருந்தால் கதவு திறக்கும். ஒரு பழைய வரைபடத்தின் பிரிண்ட் கையில் இருக்கட்டும். அதைக் காட்டி, உங்கள் வீட்டுச் சுவரில் நூறு வருட சர்வே குறி இருக்கிறது என்று சொன்னால், பெரும்பாலானவர்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிடுவார்கள், தாங்களும் தேட.

என் பட்டியலில் இப்போது மிச்சமிருப்பதில் மிகப் பக்கத்தில் உள்ளது இரண்டு தெரு தள்ளி, ஒரு மூலைவீட்டுச் சுவர். தரையிலிருந்து 0.4 மீட்டர். சரியாக அந்த இடத்தில் வீட்டுக்காரர் குப்பைத் தொட்டியை நிறுத்தியிருக்கிறார். அந்தத் தெருவில் குப்பை வண்டி வருவது வியாழக்கிழமை காலை. தொட்டியை ஏழு மணிக்கே சாலையோரம் உருட்டிவிடுவார்கள். வேலைக்குப் போகும் வழியில் ஒரு எட்டு எட்டிப் பார்க்க வேண்டும்.